நூறு சுற்று, மூன்று நிமிடம்

(இசைத்தட்டு ரசிகர்களின் மாலைக் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பழைய டர்ன்டேபிளைப் பராமரிப்பது பற்றிப் பேச அழைத்திருக்கிறீர்கள். பலர் கையில் நோட்டும் பேனாவும் இருப்பதைப் பார்க்கிறேன். எந்த எண்ணெய், எந்த பெல்ட் என்று குறித்துக்கொள்ள வந்திருப்பீர்கள். அதையும் சொல்கிறேன். அதற்கு முன் ஒரு எண்ணை எழுதிக்கொள்ளுங்கள்: 1.8. எல்.பி. இசைத்தட்டு நிமிடத்துக்கு 33⅓ சுற்று சுற்றுகிறது. ஒரு சுற்றுக்கு 1.8 விநாடி. நூறு சுற்றுக்குச் சரியாக மூன்று நிமிடம். இந்தக் கணக்கு ஒன்று போதும், வீட்டில் இருக்கிற கருவியின் பாதி நோயைக் கண்டுபிடித்துவிடலாம்.

ஏன் அப்படிச் சொல்கிறேன்? பெல்ட்டால் ஓடும் டர்ன்டேபிளில் சுழலும் பாகங்கள் மிகக் குறைவு. மோட்டாரும் அதன் தலையில் இருக்கிற புல்லியும் ஒன்று. பெல்ட் ஒன்று. தட்டைத் தாங்கிச் சுற்றும் சுழல்மேடை ஒன்று. மூன்றும் மூன்று வேகத்தில் சுற்றுகின்றன. எது கெட்டாலும் அது தன் வேகத்திலேயே கெட்டதைச் சொல்லும். பாட்டின் மேல் தன் தாளத்தைப் போடும். அந்தத் தாளம் எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை வருகிறது என்று எண்ணத் தெரிந்துவிட்டால் கருவியைத் திறக்காமலே குற்றவாளியைச் சொல்லிவிடலாம். கச்சேரியில் தொடையில் தாளம் போட்டுக் கேட்டுப் பழகிய நமக்கு இது கைவந்த வேலை. நாற்பது ஆண்டாக இந்தக் கருவிகளைத் திறந்து மூடுகிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: வீணாய்ப்போன டர்ன்டேபிள்களில் பெரும்பாலானவை தேய்ந்து கெட்டவை அல்ல. எண்ணாமல் திறந்ததால் கெட்டவை.

மேசை மேல் இருப்பது என்னுடைய தோரன்ஸ் டிடி 160. 1972இல் வெளிவந்த மாடல். தோரன்ஸ் 1883இல் சுவிட்சர்லாந்தின் சேன்ட் குருவா என்ற மலையூரில், இசைப்பெட்டி செய்யும் பட்டறையாகத் தொடங்கியது. ஆனால் இந்தக் கருவியின் உள்ளமைப்பு அங்கே பிறந்ததல்ல. அது அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்துக் கேம்பிரிட்ஜில் பிறந்தது. அங்கே அக்கூஸ்டிக் ரிசர்ச் என்ற நிறுவனத்தை நடத்திய எட்கர் வில்ச்சர், 1961இல் ஒரு டர்ன்டேபிளைக் கொண்டுவந்தார். விலை அறுபது டாலருக்கும் குறைவு. அதில் அவர் செய்த காரியம் ஒன்றுதான். சுழல்மேடையையும் முள்ளைத் தாங்கும் கையையும் ஒரே சட்டத்தில் இறுக்கி, அந்தச் சட்டத்தை மூன்று ஸ்பிரிங்கில் ஊஞ்சல்போலத் தொங்கவிட்டார். அதிரும் மோட்டாரை வெளியே, மேற்பலகையில் நிறுத்தினார். இரண்டுக்கும் நடுவே உள்ள ஒரே உறவு, ரப்பர் பெல்ட். பலகையைத் தட்டினாலும் முள் துள்ளாது. தோரன்ஸ் 1965இல் டிடி 150இல் இந்த வழியை எடுத்துக்கொண்டது. ஸ்காட்லாந்தின் லின் சோன்டெக்கும் இதே குடும்பம்தான்.

இப்படி யோசித்துப் பாருங்கள். முள் பள்ளத்தில் படிக்கிற அசைவு ஒரு மயிரிழையின் தடிமனைவிடப் பல மடங்கு சிறியது. அந்த இடத்துக்கு மோட்டாரின் அதிர்வும் நம் காலடியும் போய்ச் சேரக் கூடாது. நம் ஊர் மின்சாரத்தில் இந்த மோட்டார் விநாடிக்கு நூறு முறை உதறுகிறது. அந்த உதறலை ரப்பர் விழுங்கிக்கொள்கிறது. மிச்சம் இருந்தால், மூன்று கிலோவுக்கு மேல் எடையுள்ள சுழல்மேடை தன் கனத்தால் அமுக்கிவிடுகிறது. இந்தக் கருவியின் தர்மம் எதையும் சேர்க்காமல் இருப்பதுதான். நாம் செய்யும் பராமரிப்பு எல்லாம் அந்தச் சேர்க்காத தன்மையைக் காப்பாற்றுவதற்கே.

சரி, எண்ணுவதற்கு வருவோம்.

கேட்பதற்கு எந்தப் பாட்டை எடுப்பது? மேல்நாட்டில் பியானோ இசைத்தட்டை எடுப்பார்கள். பியானோவின் ஸ்வரம் அசையாது, அசைந்தால் கருவியின் குற்றம். நம் இசையில் குரலை வைத்துச் சோதிக்க முடியாது. ஸ்வரம் அசைவதே நம் சங்கீதத்தின் உயிர். கமகம் எது, மோட்டாரின் நடுக்கம் எது என்று தெரியாது. அதனால் நாகஸ்வரத் தட்டு ஒன்றை எடுங்கள். பின்னால் ஒத்து ஊதுகிறார்களே, அல்லது சுருதிப் பெட்டி போடுகிறார்களே, அதைக் கேளுங்கள். வாசிப்பவரை விட்டுவிடுங்கள். ஒத்து மூச்சு விடாமல் ஒரே கோட்டில் நிற்க வேண்டும். அது சாயும் இடத்தைக் கவனியுங்கள். நாகஸ்வரத் தட்டு இல்லையென்றால், பாட்டு தொடங்குவதற்கு முன் தம்பூராவின் பஞ்சமம் மீட்டி ஓய்கிற அந்தச் சில விநாடிகள் போதும்.

சுழல்மேடையின் ஓரத்தில் கடுகு அளவு வெள்ளைக் காகிதம் ஒட்டிக்கொள்ளுங்கள். சுருதி சாயும்போதெல்லாம் காகிதம் ஒரே இடத்தில் இருக்கிறதா? அப்படியானால் குற்றம் 1.8 விநாடிக் குற்றம். தட்டு அல்லது சுழல்மேடை. பெரும்பாலும் தட்டுதான். உடனே இன்னொரு தட்டை மாற்றிப் போட்டுப் பாருங்கள். குற்றம் போய்விட்டால் கருவியின் மேல் கை வைக்காதீர்கள். தட்டின் நடுத்துளை நடுவில் இல்லை, அவ்வளவுதான். இதற்கு இன்னொரு அடையாளமும் உண்டு. வெளி ஓரத்தில் முதல் பாட்டு கேட்கும்போது லேசாக இருக்கும் அசைவு, உள்ளே போகப் போகக் கூடும். துளை அரை மில்லிமீட்டர் தள்ளியிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வெளி ஓரத்தில் சுருதி மேலும் கீழும் ஆயிரத்தில் மூன்றரைப் பங்கு அசையும். லேபிளை ஒட்டிய கடைசிப் பாட்டில் ஆயிரத்தில் எட்டுப் பங்கு அசையும். முள்கையைப் பக்கத்திலிருந்து பார்த்தால் ஒவ்வொரு சுற்றுக்கும் இடமும் வலமுமாய் நீந்துவது கண்ணுக்கே தெரியும். துளையைக் கொஞ்சம் அகலமாக்கித் தட்டை நகர்த்தி வைக்கிறவர்கள் உண்டு. மறுபடி கிடைக்கிற தட்டு என்றால் செய்யலாம். மறுபடி கிடைக்காத தட்டில் நான் செய்ய மாட்டேன். அந்த அசைவோடு கேட்டுக்கொள்வேன்.

சுருதி சாயும் இடம் காகிதத்தைவிட்டுக் கொஞ்சம் கொஞ்சமாய் நழுவுகிறதா? இந்தச் சுற்றில் காகிதம் எதிரே இருந்தது, அடுத்த சுற்றில் சற்றுத் தாண்டி, அதற்கடுத்து இன்னும் தாண்டி. அது பெல்ட். பெல்ட் சுழல்மேடையையும் புல்லியையும் சேர்த்துச் சுற்றி வருவதால், மேடையின் சுற்றளவைவிட அது எப்போதும் நீளம். அதனால் பெல்ட்டின் ஒரு வட்டம் 1.8 விநாடியைவிடக் கொஞ்சம் கூடுதல். ஆறு மாதம் ஓட்டாமல் வைத்திருந்த கருவியில் இது நிச்சயம் வரும். புல்லியை அணைத்து நின்ற இடத்தில் ரப்பர் மடிந்து பழகியிருக்கும். அரைமணி நேரம் முள்ளை வைக்காமல் வெறுமனே ஓடவிடுங்கள். சரியாகிவிட்டால் நல்லது. ஆகாவிட்டால் பெல்ட்டை மாற்ற வேண்டும். நீண்ட நாள் ஊருக்குப் போகிறீர்கள் என்றால் பெல்ட்டைக் கழற்றி, காகித உறையில் தளர்வாய் வைத்துவிட்டுப் போங்கள்.

மூன்றாவது, எண்ணவே முடியாத வேகத்தில் ஒரு நடுக்கம். இது புல்லி, அல்லது மோட்டாரின் அச்சு. டிடி 160இன் மோட்டாருக்கு 16 துருவங்கள். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் அது நிமிடத்துக்கு 375 முறை சுற்றும். விநாடிக்கு ஆறேகால் முறை. இதுதான் பொல்லாத குற்றம், ஏனென்றால் கமகத்தின் வேகத்துக்கு மிக அருகில் வரும். பாடகருக்கு வயதாகிவிட்டது, குரல் நடுங்குகிறது என்று நினைத்துப் பல ஆண்டு கேட்டவர்களை நான் அறிவேன். புல்லியைத் துடைத்துக் கொடுத்த பிறகு அதே தட்டைக் கேட்டு அவர்கள் கண் கலங்கியதையும் பார்த்திருக்கிறேன்.

தாளமே இல்லாமல், உரத்து வாசிக்கும் இடத்தில் மட்டும் சுருதி வழுக்கினால் பெல்ட் நழுவுகிறது. தவில் விழுகிற இடத்தில் முள்ளின் இழுவை கூடும், பெல்ட் பிடிக்க முடியாமல் தளரும்.

இவையெல்லாம் அசையும் குற்றங்கள். அசையாத குற்றம் ஒன்று உண்டு. வேகம் நிலையாக இருக்கும், ஆனால் தவறாக இருக்கும். அதைப் பற்றித்தான் இன்று நிறையச் சொல்ல ஆசைப்படுகிறேன்.

மயிலாப்பூரில் ஒரு வீடு. மகன் அமெரிக்காவிலிருந்து இதே மாதிரி ஒரு கருவியைப் பெட்டியில் போட்டுக் கொண்டுவந்திருந்தார். 230 வோல்ட்டை 110 ஆக இறக்கும் டிரான்ஸ்ஃபார்மரும் வாங்கியிருந்தார். எல்லாம் முறையாக மாட்டியிருந்தது. கருவி ஓடியது, பாட்டு வந்தது. ஆனால் பாட்டு தூங்கி வழிந்தது. பெல்ட் பழையது என்று மாற்றினார்கள். மோட்டாருக்குச் சக்தி போதவில்லை என்று வேறு டிரான்ஸ்ஃபார்மர் வாங்கினார்கள். மாற்றம் இல்லை. நான் போனபோது அந்த வீட்டுப் பாட்டி ஊஞ்சலில் உட்கார்ந்திருந்தார். சின்ன வயதில் வீணை கற்றவர். ஒரு பெண் வித்துவானின் தட்டை ஓடவிட்டதும் சொன்னார்: "ஏம்ப்பா, இவங்க அஞ்சு கட்டையில பாடறவங்க. இதுல மூணு கட்டையில பாடறாங்க. ஷட்ஜம் இருக்கற எடத்துல வேற யாரோ இருக்காங்க."

அவ்வளவுதான், பழுது கண்டுபிடித்தாயிற்று. டிரான்ஸ்ஃபார்மர் வோல்ட்டை மாற்றும், ஹெர்ட்ஸை மாற்றாது. அமெரிக்காவில் மின்சாரம் விநாடிக்கு 60 முறை முன்னும் பின்னுமாய்ப் போய்வருகிறது, இங்கே 50 முறை. இந்த வகை மோட்டார் வோல்ட்டைப் பார்த்து ஓடுவதில்லை, அந்த எண்ணிக்கையைப் பிடித்துக்கொண்டு ஓடுகிறது. அறுபதுக்கென்று கடைந்த புல்லியை ஐம்பதில் ஓட்டினால் தட்டு நிமிடத்துக்கு 33⅓ சுற்றுக்குப் பதில் 28 சுற்றுக்கும் குறைவாகச் சுற்றும். அறுபதுக்கும் ஐம்பதுக்கும் உள்ள விகிதம் ஆறுக்கு ஐந்து. ஷட்ஜத்துக்கும் சாதாரண காந்தாரத்துக்கும் உள்ள விகிதமும் ஆறுக்கு ஐந்து. அதாவது முழுத் தட்டும் ஒரு சாதாரண காந்தாரம் அளவுக்குக் கீழே இறங்கி ஒலிக்கிறது. ஐந்து கட்டையிலிருந்து அந்த அளவு இறங்கினால் மூன்று கட்டை. பாட்டி சொன்னது பிசிறில்லாமல் சரி. அளவுகோலே இல்லாமல் ஊஞ்சலிலிருந்து சொன்னார். ஐம்பது ஹெர்ட்ஸுக்கான புல்லி, விட்டம் ஐந்தில் ஒரு பங்கு பெரியது, வரவழைத்து மாட்டினோம். புல்லி கிடைக்காத மாடல் என்றால், 60 ஹெர்ட்ஸை உற்பத்தி செய்து தரும் மின்னணு சப்ளை ஒன்று வைக்க வேண்டும். வேறு வழியில்லை. இங்கிருந்து கருவியை அமெரிக்காவுக்கு எடுத்துப் போகிறவர்களுக்கு இதன் மறுபக்கம் நடக்கும்: தட்டு நிமிடத்துக்கு 40 சுற்று ஓடும்.

இனி, என்னையே பல காலம் ஏமாற்றிய விஷயம். வேகத்தைப் பார்க்க ஸ்ட்ரோப் அட்டை என்று ஒன்று இருக்கிறது, நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஓரத்தில் கோடு கோடாய் அச்சடித்த வட்ட அட்டை. 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் எரியும் நியான் விளக்கு விநாடிக்கு நூறு முறை மின்னும். அட்டையில் 180 கோடுகள். வேகம் சரியாக இருந்தால் கோடுகள் நின்ற இடத்தில் நிற்பதுபோல் தெரியும். எண்பதுகளின் கடைசியில் என் கருவியில் கோடுகள் கல்லாய் நின்றன. ஆனால் சாயங்காலம் ஏழு மணிக்குக் கேட்டால் எல்லா வித்துவான்களும் சுருதி இறங்கிப் பாடினார்கள். அதே தட்டு விடியற்காலையில் சரியாக இருந்தது. மோட்டார் சூடாகிறதோ என்று நினைத்தேன். எண்ணெய் மாற்றினேன். பெல்ட் மாற்றினேன். அட்டையை வைத்துப் பார்த்தால் எப்போதும் சரி.

காரணம் கருவியில் இல்லை, கம்பியில் இருந்தது. அந்தக் காலத்தில் தென்மாநிலங்களின் மின்கட்டமைப்பு தனியாக இயங்கியது. தேவை கூடும் மாலை நேரத்தில் ஐம்பது என்று இருக்க வேண்டியது 48 ஹெர்ட்ஸ் அருகே இறங்கிவிடும். மோட்டாரும் அதோடு இறங்கும். தட்டு 32 சுற்றுதான் ஓடும். சுருதி அரைக் கட்டைக்குக் கொஞ்சம் குறைவாய் இறங்கும். ஆனால் விளக்கும் அதே கம்பியில்தானே எரிகிறது? அதுவும் விநாடிக்கு 96 முறைதான் மின்னும். 32 சுற்றில் 180 கோடு, விநாடிக்கு 96 கோடு. கோடுகள் அசையாமல் நிற்கும்! பார்க்கிறவனும் பார்க்கப்படுகிறதும் ஒரே அளவு தவறினால் தவறு தெரியாது. என் காதுக்கு மட்டும் தெரிந்தது, ஏனென்றால் காது அந்தக் கம்பியில் மாட்டப்படவில்லை.

நூறு சுற்றைக் கைக்கடிகாரத்தால் எண்ணும் பழக்கம் எனக்கு அப்படித்தான் வந்தது. குவார்ட்ஸ் கடிகாரம் பேட்டரியில் ஓடுகிறது, அதற்கு மின்கட்டமைப்பைத் தெரியாது. சரியாக ஓடினால் 180 விநாடி. அந்த மாலைகளில் எனக்கு 187 விநாடிக்கு மேல் வந்தது. எழுதி வைத்த நோட்டு இன்னும் இருக்கிறது. 2003 ஜனவரியில் தென்மாநிலங்களுக்குப் புதிய கட்டண முறை வந்தது. கட்டமைப்பு தவிக்கும் நேரத்தில் ஒதுக்கீட்டுக்கு மேல் எடுப்பவர் அதிக விலை கொடுக்க வேண்டும் என்று ஆனது. ஹெர்ட்ஸ் ஐம்பதை ஒட்டி நிற்கத் தொடங்கியது. 2013 டிசம்பர் 31இல் தென்கட்டமைப்பு நாட்டின் மற்றப் பகுதியோடு ஒன்றாய் இணைந்தது. இன்று அனுமதிக்கப்பட்ட எல்லை 49.90 முதல் 50.05 வரை. இந்த அளவுக்கு எந்தக் காதும் குறை சொல்லாது. மின்துறையில் வேலை செய்த எத்தனையோ பேர், தாங்கள் நம் வீட்டுத் தம்பூராவைச் சுருதி சேர்த்தோம் என்று அறியாமலே ஓய்வு பெற்றிருப்பார்கள். அவர்களுக்கு என் நன்றியை இந்த மேடையில் சொல்லிக்கொள்கிறேன்.

எழுபது, எண்பதுகளில் வாங்கிய கருவியை இப்போது பரணிலிருந்து இறக்குகிறவர்களுக்கும் இந்தக் கணக்கு உதவும். நூறு சுற்று 180 விநாடிக்கு வரவில்லையென்றால் இன்று மின்சாரத்தைக் குற்றம் சொல்ல முடியாது. புல்லியையோ பெல்ட்டையோதான் பார்க்க வேண்டும்.

பெல்ட்டில் நீளத்தைப் பற்றி எல்லோரும் கவலைப்படுகிறார்கள், தடிமனைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை. வேகத்தை முடிவு செய்வது தடிமன். ஒரு கணக்கு சொல்கிறேன். புல்லி 14 மில்லிமீட்டர் விட்டம், பெல்ட் அரை மில்லிமீட்டருக்குச் சற்று மேல் தடிமன் என்று வையுங்கள். அங்கே ஒன்றரை மில்லிமீட்டர் தடிமனுள்ள டேப் ரெக்கார்டர் பெல்ட்டை மாட்டினால், சின்னதான புல்லிக்கு அந்தத் தடிமன் பெரிய விஷயம், பெரிய சுழல்மேடைக்கு ஒன்றுமில்லை. வேகம் நூற்றுக்கு ஐந்துக்கு மேல் ஏறிவிடும். கிட்டத்தட்ட அரைக் கட்டை. ஒரு கடையில் எனக்கு அப்படி ஒரு பெல்ட்டை "எல்லாத்துக்கும் இதுதான் சார்" என்று கொடுத்தார்கள். மாட்டியதும் ஓடியது, பாட்டு துள்ளியது. அந்தத் துள்ளல் பிடித்துப்போய் இரண்டு வாரம் கேட்டேன். அது எனக்கு இன்றும் வருத்தம். நிதானமாய்ப் பாடியவர்களை அவசரப்படுத்திக் கேட்டிருக்கிறேன். ஆகவே உங்கள் மாடலுக்கு என்றே தேய்த்துச் சமப்படுத்திய தட்டைப் பட்டை பெல்ட்டை வாங்குங்கள். இறுக்கமான பெல்ட் நல்லது என்ற எண்ணமும் வேண்டாம். அது அச்சைப் பக்கவாட்டில் இழுத்து பேரிங்கைத் தின்னும்.

மாட்டும் முன் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். தலையில் எண்ணெய் தடவும் ஊர் நம் ஊர், விரலில் எப்போதும் கொஞ்சம் இருக்கும். புல்லியை ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தோய்த்த துணியால் துடையுங்கள், கறுப்பு வருவது நிற்கும் வரை. அந்தக் கறுப்பு உதிர்ந்த ரப்பர். அது பத்தில் ஒரு மில்லிமீட்டர் படிந்தாலே நூற்றுக்கு ஒன்றரை அளவு வேகம் மாறும். ஒரு பக்கம் மட்டும் படிந்தால் நான் சொன்ன ஆறேகால் நடுக்கம் வரும். உப்புத்தாள், கத்தி எதுவும் வேண்டாம். புல்லியை உற்றுப் பார்த்தால் நடுவில் லேசாய்ப் புடைத்திருப்பது தெரியும். பழைய மாவு மில்லில் பட்டை பெல்ட் ஓடுவதைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். தட்டையான பெல்ட் உருளையின் மேடான இடத்தைத் தேடி ஏறி நிற்கும். அந்த மேட்டை உப்புத்தாளால் தேய்த்துவிட்டால் பெல்ட்டுக்கு நிற்க இடம் தெரியாது, மேலும் கீழும் அலையும். அப்படிக் கெடுத்த புல்லியைச் சரிசெய்ய என்னால் முடிந்ததில்லை.

பேரிங்குக்கு வருகிறேன். வெளி மேடையை எடுத்ததும் உள்ளே சின்ன மேடை இருக்கும், அதன் அடியில் நீண்ட எஃகு அச்சு. நேராய் மேலே தூக்குங்கள், சாய்க்காதீர்கள். அச்சையும் குழியையும் இழை பிரியாத துணியால் துடையுங்கள். துணியில் கறுப்பு எண்ணெய் வந்தால் இயல்பு. மினுமினுப்பாய்ப் பித்தளைத் தூள் வந்தால் தேய்மானம். நல்ல மெல்லிய இயந்திர எண்ணெய் சில சொட்டு விட்டு, அச்சை வைத்துவிட்டுக் கையை எடுத்துவிடுங்கள். அழுத்த வேண்டாம். உள்ளே சிக்கிய காற்று எண்ணெயைத் தாண்டி வெளியேற வேண்டும், மேடை தானாக மெதுவாய் இறங்கும். அப்படி மிதந்து இறங்குவது, அச்சுக்கும் குழிக்கும் இடைவெளி இன்னும் நெருக்கமாய் இருக்கிறது என்பதற்கு அடையாளம். எனக்கு இந்த வேலையில் மிகப் பிடித்த காட்சி அதுதான். படபடவென்று விழுந்தால் குழி தேய்ந்துவிட்டது.

தேங்காய் எண்ணெய் விடாதீர்கள். மார்கழி விடியலில் பஜனைப் பாட்டு போட நினைத்தால் தட்டு கிளம்பவில்லை, பத்து மணிக்கு ஓடுகிறது என்று ஒருவர் வந்தார். 24 டிகிரிக்குக் கீழே உறைகிற எண்ணெயை ஊற்றியிருந்தார்கள். துருவுக்கு அடிக்கும் ஸ்பிரேயும் வேண்டாம். அது இருக்கிற எண்ணெயையும் கரைத்துக்கொண்டு போய்விடும்.

ஸ்பிரிங் அமைப்பைத் தொட எல்லோருக்கும் பயம். அது அவ்வளவு கடினமில்லை. முதலில் வெளிப்பெட்டியை ரசமட்டத்தால் சமமாக்குங்கள். பிறகு தட்டு, பாய், முள்கை எல்லாம் இருக்கிற நிலையில் உள்ளே தொங்கும் சட்டத்தைச் சமமாக்குங்கள். மூன்று ஸ்பிரிங்குக்கும் அடியில் நட்டு உண்டு. கூம்பு வடிவ ஸ்பிரிங் கோணலாய் உட்கார்ந்திருந்தால் கையால் சுற்றி நேராய் வைக்க வேண்டும். மேடையை அச்சின் பக்கத்தில் விரலால் அழுத்தி விடுங்கள். நேர் மேலும் கீழுமாய், நிதானமாய்க் குதிக்க வேண்டும், விநாடிக்கு மூன்று நான்கு முறை. பக்கவாட்டில் தள்ளாடினால் ஸ்பிரிங்கைக் குறை சொல்வதற்கு முன் முள்கையிலிருந்து வெளியே போகும் ஒயரைப் பாருங்கள். நல்ல ஒலி வரும் என்று யாராவது தடித்த ஒயரைப் போட்டிருப்பார்கள். ஊஞ்சலுக்குப் பக்கத்தில் நின்று ஒருவர் சங்கிலியைப் பிடித்துக்கொண்டிருப்பது போன்றது அது. மெல்லிய ஒயரைத் தளர்வான வளையமாய் விட்டுப் பிறகு பெட்டியில் கட்டுங்கள். விலை உயர்ந்த மேம்பாடு என்ற பெயரில் இந்தக் கருவிகளுக்குச் செய்கிற காரியங்களில் பாதி, வில்ச்சர் அவிழ்த்துவிட்டதை மறுபடி கட்டிப்போடுகிற காரியம்தான் என்று நான் நினைக்கிறேன்.

கருவியை இடம் மாற்றும்போது சட்டத்தைப் பூட்டும் திருகுகளை இறுக்குங்கள், மேடையைத் தனியாக எடுங்கள். புது இடத்தில் அந்தத் திருகுகளைத் தளர்த்த மறக்காதீர்கள்.

மின்சாரப் பகுதியில் நான்கே செய்தி. பிளக்கைக் கழற்றாமல் அடிப்பலகையைத் திறக்காதீர்கள். மோட்டார் உறுமிக்கொண்டு நின்றாலோ, சில நேரம் எதிர்த் திசையில் கிளம்பினாலோ மோட்டார் கெட்டுவிட்டது என்று தூக்கிப் போடாதீர்கள். பெரும்பாலும் அதனோடு சேர்ந்த சின்னக் கபாசிட்டருக்கு வயதாகியிருக்கும். சுவிட்சில் தீப்பொறியை அடக்க வைத்த பழைய கபாசிட்டர் வெடித்திருந்தால், வீட்டு மின்சாரத்தில் நேரடியாய் இணைப்பதற்கென்று சான்று பெற்ற எக்ஸ்2 வகையைத்தான் போட வேண்டும். ரீங்காரம் கேட்டால் முள்ளைத் தூக்கிப் பாருங்கள். தூக்கிய பிறகும் இருந்தால் எர்த் ஒயரையும் பின்களையும் பாருங்கள். தூக்கியதும் நின்றால் அது முள் வழியாய் வருகிற அதிர்வு. பேரிங், மோட்டாரைத் தாங்கும் ரப்பர், வைத்திருக்கும் அலமாரி என்று அந்த வரிசையில் போங்கள்.

முள்ளைப் பற்றி ஒன்று சொல்லி நிறுத்துகிறேன். தேய்ந்த முள் பாட்டைக் கெடுப்பதோடு நிற்காது, தட்டைச் செதுக்கும். மற்ற எல்லாக் குற்றத்தையும் சரிசெய்தால் பாட்டு திரும்பி வரும், இதில் வராது. பழைய கருவி வாங்கினால் அதோடு வந்த முள்ளை உங்கள் தட்டில் வைக்காதீர்கள். புது முள், எடை பார்க்கும் சின்ன தராசு, இவற்றை வாங்கிய பிறகு முதல் தட்டைப் போடுங்கள்.

போதும். இந்தக் கருவியை வண்டியில் எடுத்து வந்தேன், இங்கே வந்து சமமாக்க நேரம் கிடைத்ததே தவிர வேகம் பார்க்கவில்லை. ஓரத்தில் வெள்ளைக் காகிதம் தெரிகிறதா? பின்வரிசைக்காரர்கள் முன்னால் வரலாம். நாகஸ்வரத் தட்டு போட்டிருக்கிறேன். கடிகாரம் உள்ள இருவர் நேரத்தைப் பாருங்கள். மற்றவர்கள் எண்ணுங்கள், வாய்விட்டே எண்ணலாம். காகிதம் என் பேனாவுக்கு நேரே வரும்போது தொடங்குவோம். இதோ.